அளவுக்கு மீறிய அமைதி

இரவு உயிர்ப்பு ஆணையத்திலிருந்து டோரின் ஹட்பர்னுக்கு வந்த முதல் கடிதம் வாழ்த்துக் கடிதமாகத்தான் இருந்தது. 'ஹோபார்ட் நகரத்தின் இரவுக்கு உயிர் கொடுக்கும் இடங்களில் ஒன்றாகத் தங்கள் மதுக்கூடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இனி அதை நாங்கள் பாதுகாப்போம்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து நிஜப் பேனாவால் போட்டதா என்று டோரின் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மை கலைந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாரு மோரி, அரசாங்கம் நம்மளப் பாதுகாக்கப் போகுதாம்!"

மோரி நாற்பது வருடம் சிங்கி இறால் படகுகளில் உழைத்து ஓய்ந்தவர். கவுண்டரின் ஓரத்து முக்காலியில்தான் எப்போதும் உட்காருவார். கடிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, உதடு அசையப் படித்தார்.

"யார்கிட்டேருந்து பாதுகாக்கப் போறாங்களாம்?"

"அது எழுதலையே."

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் கல் சந்தில் நான்கு மதுக்கூடங்கள் இருந்தன. டோரினுடையதற்கு 'மூன்று நங்கூரம்' என்று பெயர். கீழே மதுக்கூடம், மாடியில் அவள் வீடு. இருபத்திரண்டு வருடங்களாக அவள்தான் நடத்தி வந்தாள். தினமும் ஐந்திலிருந்து ஆறுவரை ஹேப்பி ஹவர். வியாழக்கிழமைகளில் 'நனைந்த நாய்கள்' என்ற குழு வாசிக்கும். குழுவின் டிரம்ஸ்காரி பெட்ரா, பகலெல்லாம் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள். அந்தக் கோபத்தை எல்லாம் சாயங்காலம் டிரம்ஸில் காட்டுவாள் என்று சொல்லிக்கொள்வார்கள். வியாழக்கிழமைகளில் கூட்டம் சந்துவரை வழியும்.

'இந்த ஊரில் ஆறு மணிக்கு மேல் தெருவில் கடற்காகங்கள்தான் நடமாடுகின்றன' என்று ஒரு பத்திரிகை கேலி செய்து எழுதியது. அதைப் படித்து வெட்கப்பட்ட அரசாங்கம் ஆணையத்தை நிறுவியது. முப்பத்து நான்கு ஊழியர்கள், இரண்டு மாடி, காலை ஒன்பது முதல் மாலை ஆறுவரை அலுவலக நேரம். ஆணையத்தின் நான்காம் விதி இரவை வரையறுத்தது: 'இரவு என்பது சூரியன் மறைவதற்கும் அலுவலகம் மூடுவதற்கும் இடைப்பட்ட காலம்.' கோடையில் அந்த ஊரில் சூரியன் மறைய எட்டு மணிக்கு மேல் ஆகும். ஆகவே கோடையில் இரவு கிடையாது. ஊழியர்கள் விடுப்பில் போய்க்கொள்ளலாம். தெற்கே இருக்கும் அந்த ஊரில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம்; அப்போது ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

ஏப்ரல் மாதத்து ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, கிரிஸ்பின் வெய்ட் என்ற அதிகாரி வந்தான். முப்பது வயதிருக்கும். மெலிந்த கழுத்து, அதில் தொங்கும் அடையாள அட்டை, கையில் சத்தம் அளக்கும் கருவி. டோரின் அப்போது தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இரவுச் சத்தத்தை அளக்க வந்திருக்கேன், மேடம்."

"இப்ப காலையில பத்து மணி ஆகுது, கண்ணு."

"ஆமாங்க. ராத்திரியில நாங்க வேலை செய்யறதில்ல. ஊழியர் நலன்."

கருவியைக் கவுண்டரில் வைத்தான். முள் நாற்பத்து மூன்றில் நின்றது. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டான்.

"இது என்ன இசைங்க?"

"ஐஸ்பெட்டி."

அவன் குறித்துக்கொண்டான். டோரின் எட்டிப் பார்த்தாள். 'ஒரே சுருதி. புதுமை முயற்சி இல்லை' என்று எழுதியிருந்தான்.

"வியாழக்கிழமை சாயங்காலம் வா கண்ணு. எழுபது எண்பது பேர் இருப்பாங்க. அப்ப வந்து அளந்து பாரு."

"அவ்வளவு கூட்டம் இருந்தா அளவு தப்பாயிடும் மேடம்" என்றான் கிரிஸ்பின், உண்மையான வருத்தத்தோடு. பிறகு சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்த்தான். "ஹேப்பி ஹவர்னு போட்டிருக்கீங்க. சந்தோஷம் நடக்குதுங்கறதுக்கு என்ன ஆதாரம் வெச்சிருக்கீங்க?"

டோரின் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனைப் பார்த்தாள். விளையாடுகிறானோ என்று நினைத்தாள். அவன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அஞ்சுலேருந்து ஆறுவரைக்கும் பீர் பாதி விலை. அவ்வளவுதான்."

"அப்ப பாதி விலை நேரம்னு போடணும். சந்தோஷம்னு விளம்பரம் பண்ணிட்டு சந்தோஷம் தரலைன்னா அது நுகர்வோரை ஏமாத்தற மாதிரி ஆயிடும்ங்க."

அடுத்த வாரம் படிவங்கள் வந்தன. ஐந்து மணிக்கு உள்ளே வரும் ஒவ்வொருவரும் தன் சந்தோஷத்துக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் போட வேண்டும். ஆறு மணிக்குப் போகும்போது இன்னொரு எண். இரண்டாவது எண் பெரிதாக இருக்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தபடியே பத்து போட்டார்கள். பெட்ரா பதினேழு போட்டாள். அவள் படிவம் செல்லாது என்று திரும்பி வந்தது.

மோரியின் மனைவி பிப்ரவரியில் இறந்திருந்தாள். அவர் உள்ளே வரும்போது இரண்டு போட்டார். போகும்போதும் இரண்டு போட்டார். மறுநாளும் அப்படியே.

"யோவ், ஒரு மூணு போட்டாத்தான் என்ன? கை தேஞ்சா போயிடும்?" என்றாள் டோரின்.

"மூணு இல்லையே டோர். இருந்தா போட மாட்டனா?"

மூன்றாம் வாரம் மோரியைக் குறித்துத் தனிக் கடிதம் வந்தது. மிகவும் கனிவான கடிதம். 'மேற்படி வாடிக்கையாளரிடம் ஹேப்பி ஹவர் பலனளிக்கவில்லை. அவருடைய நலன் கருதியும் ஏனையோரின் சராசரி கருதியும் அவர் அந்த ஒரு மணி நேரம் வெளியே இருப்பது நல்லது.' டோரினால் அதை அவரிடம் படித்துக் காட்ட முடியவில்லை. மோரியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். அன்றிலிருந்து ஐந்து மணிக்கு வந்து, ஆறு அடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே நிற்பார். துறைமுகத்துக் காற்று முகத்தில் அறையும். உள்ளே இருப்பவர்கள் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரத் தொடங்கினார்கள். சீக்கிரமே பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். வந்தவர்கள் பத்து போட்டார்கள்.

இதற்குள் சந்தின் கோடியில் இருந்த 'திமிங்கிலம்' மதுக்கூடத்துக்குப் பித்தளைப் பலகை வந்துவிட்டது. அதன் சொந்தக்காரர் ஸ்டாவ்ரோ டோரினைக் கூப்பிட்டுக் காட்டினார். 'இங்கே இரவு உயிர்ப்போடு இருந்தது' என்று அழகான எழுத்தில் பொறித்திருந்தது.

"இருந்ததுன்னு போட்டிருக்கானே ஸ்டாவ்ரோ?"

"கேட்டேன். பலகையெல்லாம் மொத்தமா ஆர்டர் கொடுத்தாச்சாம், இனி மாத்த முடியாதாம்" என்றார் ஸ்டாவ்ரோ. சட்டைக் கையால் பலகையைத் துடைத்தார். "எழுத்துப்பிழைதான். வேற ஒண்ணும் இருக்காது."

ஆறு வாரத்தில் திமிங்கிலம் மூடப்பட்டது. அடுத்த பலகை எதிர்ப்புற மதுக்கூடத்துக்கு வந்தது. அதற்கடுத்தது அதன் பக்கத்துக்கு. பலகையை மாட்ட வரும் ஆள் ஒவ்வொரு முறையும் டோரினின் கதவருகே நின்று, சுவரில் விரலால் தட்டி, கல் எங்கே கெட்டியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவான். வணக்கம் சொல்வான். அவள் வணக்கம் சொல்லத் தவறினால் அவனே மறுபடி சொல்வான்.

மே மாதக் கடைசியில் அவளை விசாரணைக்கு அழைத்தார்கள். அவள் மதுக்கூடத்தின்மீது ஒரு புகார் வந்திருந்தது. சத்தத்தால் தூக்கம் கெடுகிறது. புகார் கொடுத்தவர், பதினோராம் மாடி, நான்காம் இலக்க வீடு.

"எங்க சந்துல பதினோரு மாடிக் கட்டடமே இல்லையே" என்றாள் டோரின்.

"இன்னும் கட்டலைங்க" என்றான் கிரிஸ்பின். இந்த முறை அவன் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். "உங்களுக்கு எதிர்ல இருக்கற கார் நிறுத்தற இடத்துலதான் வரப்போகுது."

"அப்ப அந்த வீட்ல யார் இருக்கா?"

"இன்னும் யாரும் வாங்கலை."

"அப்ப யாருக்குத்தான் தூக்கம் கெட்டுது?"

"அதை இப்பவே சொல்ல முடியாதுங்க. தனிநபர் விவரம்."

ஆணையர் மார்ச்பேங்க்ஸ் அம்மையார் கையை உயர்த்தினார். வெள்ளி முடி, மெல்லிய குரல். அவர் பேசும்போது எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. அந்த அறைக்கே அது பழகியிருந்தது.

"மிஸஸ் ஹட்பர்ன், நீங்க எங்களைத் தப்பா நினைச்சிடக் கூடாது. இசைன்னா எனக்கு உயிர். எங்க வீட்ல ஒரு பியானோ இருக்கு. முப்பது வருஷமா அதை யாரும் தொட விட்டதில்லை. இன்னைக்கும் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. பாதுகாப்புன்னா அதுதான். இந்த ஊரோட ராத்திரிகளையும் நான் அப்படித்தான் வெச்சுக் காப்பாத்தணும்னு ஆசைப்படறேன். எங்க ஆய்வுல ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சிருக்கு. ராத்திரியைக் கெடுக்கறது யாருன்னு பார்த்தா, எப்பவுமே ராத்திரியில வெளிய வர்றவங்கதான். அவங்களை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிட்டோம்னா, உலகத்துலயே மிகச் சிறந்த ராத்திரி நம்ம ஊர் ராத்திரிதான்."

ஊழியர்கள் கை தட்டினார்கள். கிரிஸ்பின் தட்டிக்கொண்டே கருவியைப் பார்த்து, தட்டலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.

பிறகு விதிகளை வாசித்தார்கள். உயிர்ப்பு விதியின்படி, பாதுகாக்கப்பட்ட மதுக்கூடத்தில் சத்தம் எழுபது டெசிபலுக்குக் குறையக் கூடாது. அமைதி விதியின்படி ஐம்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது.

டோரின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பள்ளியில் கணக்கில் அவள் மோசமில்லை.

"ரெண்டையும் ஒரே நேரத்துல எப்படிங்க பண்றது?"

"அந்த ரெண்டுக்கும் நடுவுலதான், மிஸஸ் ஹட்பர்ன், பொறுப்புள்ள ராத்திரிங்கறது இருக்கு" என்றார் ஆணையர்.

பெட்ராவிடம் சொன்னபோது அவள் மாவு ஒட்டிய கையால் தலையைப் பிடித்துக்கொண்டாள். இருந்தாலும் விடவில்லை. டிரம்ஸின் மேல் ரப்பர் விரிப்பைப் போட்டாள், குச்சிகளில் துணி சுற்றினாள். பாடகனை வாயை மட்டும் அசைக்கச் சொன்னாள். வந்த பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மழைச் சத்தம்தான் ஐம்பத்தெட்டு காட்டியது.

ஜூன் பத்தாம் தேதி வந்த கடிதமும் அன்பாகவே இருந்தது. எல்லாக் கடிதங்களும் அன்பாகவே இருந்ததுதான் அவளை ராத்திரிகளில் விழித்திருக்கச் செய்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இவர்கள் அவளுடைய உடல்நலம் விசாரித்தார்கள். 'மூன்று நங்கூரத்தின் பாதுகாப்பை முழுமைப்படுத்தும் பொருட்டு இனி அதனுள் வாடிக்கையாளர்கள் அனுமதிக்கப்படமாட்டார்கள். தாங்கள் மாடியில் தொடர்ந்து வசிக்கலாம்.' பலகைக்காரன் அன்றே வந்தான். நான்கு ஆணிகளையும் நிதானமாக அடித்தான். அதன் பிறகு அந்தச் சந்தில் விளக்கெரியும் ஜன்னல் அவளுடையது ஒன்றுதான்.

ஜூலையில் ஆணையம் ஆண்டறிக்கை வெளியிட்டது. கல் சந்தில் சத்தம் பற்றிய புகார்கள்: பூஜ்யம். பூஜ்யத்தைப் பெரிய எழுத்தில் நிறம் போட்டு அச்சடித்திருந்தார்கள். அதே வாரம் புதிய புகார் ஒன்று வந்தது. சுற்றுலாக் கப்பலில் வந்திறங்கிய ஒரு கூட்டம், 'உயிர்ப்பான இரவு' என்ற விளம்பரத்தை நம்பி மாலை ஐந்து மணிக்குச் சந்துக்குள் நுழைந்திருக்கிறது. அந்த நிசப்தத்தைக் கேட்டு இரண்டு பேர் அழுதுவிட்டார்களாம். எல்லோரும் ஓட்டமாகக் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

டோரினை மறுபடி அழைத்தார்கள். கிரிஸ்பின் அளவை வாசித்தான். மூன்று நங்கூரத்தின் வாசலில் பத்தொன்பது டெசிபல்.

"இது அளவுக்கு மீறிய அமைதி" என்றார் ஆணையர். "சந்துல குடியிருக்கறது நீங்க ஒருத்தர்தான். ஆக, இந்த அமைதி உங்க வீட்லேருந்துதான் வருது."

"நீங்கதானேம்மா கதவ மூடச் சொன்னீங்க?"

"மூடச் சொன்னோம். இவ்வளவு அமைதியா மூடச் சொல்லலையே."

டோரின் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, இது பயம் என்று புரிந்தது. இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அந்த அறையில் ஒருவர்கூடத் தான் சொல்வதை நம்பாமல் சொல்லவில்லை. அவள் எதை எடுத்துக் காட்டினாலும் அதையும் அன்போடு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வார்கள்.

தீர்ப்பின்படி ஒரு சாம்பல்நிறப் பெட்டியைக் கொண்டுவந்து மதுக்கூடத்தில் வைத்து, அரக்கு முத்திரை போட்டார்கள். தினமும் ஐந்திலிருந்து ஆறுவரை அதன் பொத்தானை டோரின் அழுத்த வேண்டும். அழுத்தினால், நிறைந்த மதுக்கூடத்தின் சத்தம் சந்து முழுக்கக் கேட்கும்: பேச்சு, சிரிப்பு, கண்ணாடிக் குவளைகளின் கிணுகிணுப்பு. ஊரில் வேறெங்கும் கூட்டம் கிடைக்காததால் ஆணையத்தின் ஊழியர்களே மதிய உணவு இடைவேளையில் கூடிச் சிரித்து அதைப் பதிவு செய்திருந்தார்கள். பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை அது திரும்ப ஆரம்பிக்கும். அதில் கீல் துருப்பிடித்த கதவைப்போல ஒரு சிரிப்பு வரும். அது கிரிஸ்பினுடையது.

முதல் மூன்று நாட்கள் டோரின் அந்தச் சத்தத்துக்கு நடுவே காலி நாற்காலிகளைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தாள். இருட்டில் முப்பத்து நான்கு பேர் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அவள் அறியாமலேயே எழுந்து போய் நான்கு குவளைகளைக் கழுவி அடுக்கினாள். தான் செய்ததைப் பார்த்ததும் அவற்றைச் சட்டென்று அலமாரிக்குள் வைத்து மூடினாள்.

நான்காம் நாள் பின்கதவு தட்டப்பட்டது. மோரி நின்றார். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"உள்ள நல்ல கூட்டம் போலிருக்கே?"

"ஒரு ஈ காக்கா இல்ல. பெட்டி சிரிக்குது."

"வாசல்ல ஒருத்தன் நின்னு அளந்துட்டு இருக்கான். எழுபதுன்னு எழுதிட்டு திருப்தியா போறான்." கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். "வெளிய குளுருதே டோர்."

டோரின் சந்தை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவருடைய முக்காலியை இறக்கி வைத்தாள். இருவரும் பேசினார்கள். பெட்டியின் சத்தத்தில் அவர்கள் பேசுவது யாருக்கும் கேட்காது என்பது அவர்களுக்குப் புரிய அரைக்குவளை பீர் தீரும் நேரம் பிடித்தது.

மறுநாள் பெட்ரா வந்தாள். அடுத்த நாள் கிட்டார்காரர்கள் இருவரும் வந்தார்கள். ஸ்டாவ்ரோ தன் தங்கையோடு வந்தார். பத்து நாளில் பதினைந்து பேர் ஆனார்கள். பின்கதவில் ஒவ்வொருவராக நுழைவார்கள். பெட்டியின் வரிசை எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

"இப்ப ஒரு பொம்பள குவளைய உடைப்பா பாரு" என்பார் மோரி. உடையும். "இப்ப நம்ம கீல்." கிரிஸ்பின் சிரிப்பான். எல்லோரும் அவனோடு சேர்ந்து சிரிப்பார்கள். மனைவி இறந்தபின் முதல் தடவையாக மோரி வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டு டோரின் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

பெட்ரா மெதுவாக வாசிக்கத் தொடங்கினாள். கிட்டார்கள் சேர்ந்துகொண்டன. பெட்டியின் சத்தத்துக்கு அடியில், அதை மிஞ்சாமல். வெளியே அளப்பவனின் குறிப்புகள் மேலும் மேலும் நன்றாக வந்தன. 'நாளுக்கு நாள் தரம் உயர்கிறது.' ஆணையம் பூரித்துப்போனது. மூன்று நங்கூரத்தின் இரவைக் கேட்கச் சுற்றுலாப் பயணிகளை அழைத்து வந்து வாசலில் நிறுத்தினார்கள். யாரும் நுழைய முடியாத மதுக்கூடத்தின் வெளியே ஐம்பது பேர், அறுபது பேர் குளிரில் நின்று, சாத்திய கதவைப் புகைப்படம் எடுத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கதவின் பிளவு வழியாக அவர்களைப் பார்த்தார்கள். பெட்ரா கேட்டாள்.

"எத்தன நாளைக்கு டோர்?"

"தெரியலடி. வாசி."

ஜூலையின் கடைசி வியாழக்கிழமை ஆணையரே வந்தார். மற்ற நகரங்களிலிருந்து வந்த அதிகாரிகள் பன்னிரண்டு பேர், மேலங்கிகளோடு, அவர் பின்னால் அரைவட்டமாக நின்றார்கள். கிரிஸ்பின் கருவியை உயர்த்திப் பிடித்திருந்தான். டோரின் பிளவில் கண்ணை வைத்திருந்தாள். உள்ளே பெட்ரா வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பாடகன் கண்ணை மூடி, இத்தனை வாரமாக விழுங்கி வைத்திருந்த குரலை மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்து நாற்பதுக்குப் பெட்டி நின்றது.

எச்சரிக்கை எதுவும் இல்லை. ஒரு சிரிப்பின் பாதியில் அறுந்தது. முப்பத்து நான்கு பேரும் ஒரே நொடியில் வாயடைத்துப்போனார்கள். பாட்டு மட்டும் தனியாக நின்றது. டிரம்ஸ், இரண்டு கிட்டார், ஒரு மனிதக் குரல், தாளத்துக்குக் கவுண்டரில் தட்டும் மோரியின் உள்ளங்கை.

டோரின் திரும்பி, நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினாள். பெட்ரா அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வாசித்தாள். குச்சிகளில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது. டோரினின் கை தானாகக் கீழே இறங்கியது. அவள் மறுபடி பிளவில் கண்ணை வைத்தாள்.

வெளியே ஒருவரும் அசையவில்லை. வெளியூர் அதிகாரி ஒருவரின் கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர் அதைக் கவனித்ததும் அது நின்றது. ஆணையர் தலையைச் சாய்த்து நீண்ட நேரம் கேட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கும்போது இருக்கும் முகம்.

"மிஸ்டர் வெய்ட், இது நம்ம பதிவுதானே?"

கிரிஸ்பின் கருவியைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். பிளவின் பின்னால் இருந்த கண்ணை அவன் பார்த்தான் என்பது டோரினுக்கு நிச்சயம். பதிவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. அவன் கருவியை இறக்கினான்.

"ஆமாங்க மேடம். நம்ம பதிவுதான்."

ஆணையர் அவன் காதருகே குனிந்து என்னவோ சொன்னார். பிறகு விருந்தினர்களை அழைத்துக்கொண்டு சந்தைக் கடந்து போனார். ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. இரவு முடியப் போகிறது.

பாட்டு முடிந்தது. பின்கதவு தட்டப்பட்டது. உள்ளே பதினைந்து பேரும் மூச்சை அடக்கினார்கள். டோரின் போய்த் திறந்தாள். கிரிஸ்பின் தனியாக நின்றான். உள்ளே வந்து, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். எண்ணுகிறானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"அந்தம்மா என்ன சொன்னாங்க, கண்ணு?" என்றாள் டோரின்.

"அளவெல்லாம் சரியா இருக்காம். ஆனா ரொம்ப நிஜம்போல இருக்காம்." அவன் நின்றுபோன பெட்டியைப் பார்த்தான். "கொஞ்சம் குறைக்கச் சொல்றாங்க."

"எவ்வளவு குறைக்கணும்?"

"நிஜமில்லைன்னு கேக்கறவங்களுக்குத் தெரியற அளவுக்கு. நாளைக்குக் காலையில பெட்டியை மாத்த ஆள் வருவாங்க. உள்ள வந்து பார்ப்பாங்க."

கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு. டோரின் கிரிஸ்பினைத் தாண்டிப் போய் பின்கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். கிரிஸ்பின் உள்ளேதான் நின்றிருந்தான். வெளியே விடும்படி அவன் கேட்கவில்லை. விடப்போவதாக அவளும் சொல்லவில்லை.

பெட்ரா டிரம்ஸின் மேல் கிடந்த ரப்பர் விரிப்பை உருவித் தரையில் எறிந்தாள். குச்சிகளை உயர்த்தி, அடுத்த பாட்டைத் தொடங்க ஒன்றோடொன்று நான்கு முறை தட்டினாள்.